பாட்டு கேட்க ஒரு லேப்டாப்: எவ்வளவு ரேம், எந்தப் பிளேயர்

பழைய லேப்டாப் ஒன்றைப் பாட்டுக்கென்றே ஒதுக்கி, யுஎஸ்பி டிஏசி (டிஜிட்டல் எண்களை ஒலி மின்சாரமாக மாற்றும் பெட்டி), ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாம் இணைத்து முடித்தவர்களுக்கு அடுத்து வருகிற ஆசை ரேம் மாற்றுவது. இந்தக் கம்பெனி ரேமில் குரல் முன்னால் வருகிறது, அந்தக் கம்பெனி ரேமில் பாஸ் இறுகுகிறது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ரேமுக்கென்று குரல் எதுவும் கிடையாது. அளவு போதவேண்டும், லேப்டாப்புக்குப் பொருந்தும் ரகமாக இருக்கவேண்டும், பிழையில்லாமல் ஓடவேண்டும். அதற்கு மேல் ரேமில் தேட ஒன்றுமில்லை. பிளேயர் சங்கதி வேறு. நல்ல பிளேயரையே தவறான அமைப்பில் ஓட்டினால் ஃபைலில் இருக்கும் எண்கள் மாறித்தான் டிஏசிக்குப் போய்ச் சேரும். அதனால் ரேமுக்குக் கொஞ்சம் பணம், பிளேயர் அமைப்புக்கு நிறைய நேரம் என்று பிரித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

முதலில் கணக்கு

சிடி தரம் என்பது விநாடிக்கு 44,100 சாம்பிள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல். பெருக்கினால் விநாடிக்கு 1,76,400 பைட். நிமிடத்துக்குச் சுமார் 10.6 எம்பி. 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் என்றால் நிமிடத்துக்கு 34.6 எம்பி, 24 பிட் 192 என்றால் 69 எம்பி, ஒற்றை பிட்டில் பதியும் டிஎஸ்டி64 முறை என்றால் 42 எம்பி.

இப்போது ரேம் பக்கம் பாருங்கள். டிடிஆர்4-2400 ரேம் ஒன்று, ஒற்றைச் சேனலில், விநாடிக்கு 19.2 ஜிபி வரை கொடுக்கும். 192 கிலோஹெர்ட்ஸ் ஃபைல் கேட்பது விநாடிக்கு 1.15 எம்பி. தேவையைப் போல 16,000 மடங்குக்கு மேல் வேகம் கையில் இருக்கிறது. 3200 ரேம் போட்டால் பாட்டு திறந்து ஒலிக்கும் என்பவர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

ரேமின் தாமதத்தைக் குறிக்கும் சிஎல் எண்ணும் இதே கதைதான். டிடிஆர்4-2666 சிஎல்19 என்றால் தாமதம் சுமார் 14.25 நானோ விநாடி. டிடிஆர்4-3200 சிஎல்22 என்றால் 13.75. வித்தியாசம் அரை நானோ விநாடி. பிளேயரோ ஒலியை டிஏசிக்கு அனுப்புமுன் பத்து மில்லி விநாடி முதல் ஒரு விநாடி வரை சேர்த்து வைத்துக்கொள்கிறது. பத்து மில்லி விநாடி என்பது ஒரு கோடி நானோ விநாடி. அந்தக் கிடங்குக்குப் பின்னால் அரை நானோ விநாடி எங்கே தெரியப்போகிறது? அசிங்க்ரனஸ் யுஎஸ்பி டிஏசியாக இருந்தால் சாம்பிள்கள் எந்த நொடியில் வெளியேறவேண்டும் என்பதை டிஏசிக்குள் இருக்கும் கடிகாரம் முடிவுசெய்கிறது. லேப்டாப்பின் ரேம் அதில் தலையிட முடியாது.

எத்தனை ஜிபி

விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சம் 4 ஜிபி. அதில் விண்டோஸ் எழுந்து நிற்கும், அவ்வளவுதான். பிரவுசரில் நான்கு டேப் திறந்தால் ரேமுக்குப் பதிலாக ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கும் பேஜ் ஃபைலுக்கு ஓடத் தொடங்கும். அந்த ஓட்டம்தான் பாட்டில் 'டக்' என்று வெட்டு விழ ஒரு காரணம்.

பாட்டு மட்டும், விண்டோஸ் 11, ஃபூபார் போன்ற இலகுவான பிளேயர் என்றால் 8 ஜிபி போதும். அதே லேப்டாப்பில் பிரவுசரும் திறந்திருக்கும், வீட்டு லைப்ரரியை நடத்தும் ரூன் சர்வரும் ஓடும், லைப்ரரியில் ஆயிரக்கணக்கான ஆல்பம் இருக்கிறது என்றால் 16. ஹெச்க்யூ பிளேயர் என்ற மென்பொருளில் எல்லாவற்றையும் டிஎஸ்டி256 என்ற உயர் ரேட்டுக்கு ஏற்றி ஓட்டுகிறவருக்கும் 16 போதும். அங்கே மூச்சு வாங்குவது பிராசசர், ரேம் அல்ல. பாட்டு கேட்பதற்காக மட்டும் 32 ஜிபி வாங்குவது காசைக் கரைப்பது. சாம்பிள் லைப்ரரி ஏற்றி இசையமைப்பவர்களுக்கு 32-ம் பற்றாது. அது வேறு தொழில், வேறு கணக்கு.

லினக்ஸில் எம்பிடி என்ற பிளேயர் மட்டும் ஓடும் பழைய லேப்டாப்புக்கு 2 ஜிபியே போதும்.

ஒன்றை மறக்கவேண்டாம். விண்டோஸ் 32 பிட் பதிப்பு ஓடும் லேப்டாப்பில் 8 ஜிபி போட்டாலும் ஏறக்குறைய 3.2 முதல் 3.5 ஜிபி வரைதான் பயன்படும். ரேம் வாங்குமுன் சிஸ்டம் பக்கத்தில் 64 பிட் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த ரகம்

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் வேகம், ஃபார்ம் ஃபேக்டர், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை பயன்படுகிறது என்று காட்டும். 'சோ-டிம்' என்று வந்தால் கழற்றி மாட்டும் ரகம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று வந்தால் போர்டிலேயே பற்றவைத்த ரகம், மாற்ற முடியாது. மேக்புக் ஏர் எல்லாமே அப்படித்தான். மேக்புக் புரோவில் 2012 ரெட்டினாவிலிருந்து அப்படி. எம்1 முதலான மேக்குகளில் ரேமும் பிராசசரும் ஒரே பொட்டலம். இவற்றில் வாங்கும்போதே அளவை முடிவு செய்துவிட வேண்டும்.

சோ-டிம் ரகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தா. டிடிஆர்3-க்கு 204 பின், 1.5 வோல்ட். டிடிஆர்3எல் அதே 204 பின், ஆனால் 1.35 வோல்ட். டிடிஆர்4-க்கு 260 பின், 1.2 வோல்ட். டிடிஆர்5-க்கு 262 பின், 1.1 வோல்ட். நடுவிலிருக்கும் வெட்டு ஒவ்வொன்றிலும் இடம் மாறியிருப்பதால் டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 நுழையாது. ஏமாறுகிற இடம் டிடிஆர்3-ம் டிடிஆர்3எல்லும்தான். வெட்டு ஒரே இடத்தில் இருப்பதால் இரண்டும் ஒரே ஸ்லாட்டில் உட்காரும். இன்டெல் நான்காம் தலைமுறை லேப்டாப்புகள் 1.35 வோல்ட் ரேமை மட்டுமே ஏற்கும். அதில் 1.5 வோல்ட் ரேமை மாட்டினால் திரை கறுப்பாகவே நிற்கும். கடைக்காரர் ரேம் செத்துவிட்டது என்பார், ரேம் நன்றாகத்தான் இருக்கும். ஸ்டிக்கரில் 'பிசி3எல்' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்தத் தலைமுறையிலும் அதற்கு முந்தையவற்றிலும் ஒரு ஸ்லாட்டுக்கு 8 ஜிபிதான் உச்சம்.

அதிவேக ரேம் வாங்கி மாட்டினாலும் லேப்டாப் தன் வேகத்துக்கே இறக்கிக்கொள்ளும். உதாரணத்துக்கு, பழைய சாமான் சந்தையில் நிறையக் கிடைக்கும் திங்க்பேட் டி480-ஐ எடுத்துக்கொள்வோம். 2018 மாடல், இரண்டு சோ-டிம் ஸ்லாட், டிடிஆர்4-2400. 3200 ரேம் போட்டாலும் 2400-ல்தான் ஓடும், கெடுதல் ஒன்றுமில்லை. பளபளக்கும் கேமிங் ரேம்களில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகத்தில் பல, எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கினால்தான் வரும். பெரும்பாலான லேப்டாப்புகளின் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் எழும் அடிப்படை மென்பொருளில்) அந்த அமைப்பே கிடையாது.

ஒரே 8 ஜிபியா, இரண்டு 4 ஜிபியா? இரண்டாகப் போட்டால் டூயல் சேனல் வரும், போர்டிலிருக்கும் கிராஃபிக்ஸ் வேகமாகும், வீடியோ பார்ப்பவருக்கு லாபம். பாட்டுக்கு வித்தியாசம் இல்லை. பின்னால் கூட்டிக்கொள்ள ஒரு ஸ்லாட் காலியாக இருக்கட்டும் என்றால் ஒற்றையாகவே வாங்கலாம். டிடிஆர்5-க்குச் சில்லுக்குள்ளேயே பிழைதிருத்தம் இருக்கிறது என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, சர்வர்களில் இருக்கும் இசிசி என்ற முழுப் பிழைதிருத்தம் என்று எண்ணவேண்டாம். சில்லிலிருந்து பிராசசர் வரையிலான வழியை அது காப்பதில்லை.

வாங்கும்போது

2025 கடைசியிலிருந்து ரேம் விலை உலகெங்கும் ஏறியிருப்பதால் பழைய ரேம் வியாபாரம் சூடாக இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் ஸ்டிக்கரை மட்டும் நம்பக்கூடாது, ஒட்டுவது எளிது. சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் எஸ்பிடி என்ற பக்கம், ரேமுக்குள்ளே எழுதியிருக்கும் தயாரிப்பாளர் பெயர், பார்ட் நம்பர், பெரும்பாலும் தயாரித்த வாரமும் ஆண்டும் காட்டும். ஸ்டிக்கரும் அதுவும் ஒத்துப்போகாவிட்டால் திருப்பிக் கொடுங்கள். முடிந்தால் கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்குவது மேல்.

மாட்டுவது

விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கினால் ஷட்டவுன் என்பது பாதித் தூக்கம்தான். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுத்தால் முழுதாக அணையும். சார்ஜரைக் கழற்றி, பேட்டரியைப் பிரிக்கவேண்டும். டி480-ல் இரண்டு பேட்டரி. பின்னால் இருப்பதைக் கையால் கழற்றலாம், உள்ளே இருப்பது தெரியாது. அதனால் எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் போய், கன்ஃபிக், பவர், 'டிசேபிள் பில்ட்-இன் பேட்டரி' கொடுத்துவிட்டுத் திறக்கவேண்டும். இதைத் தவறவிட்டு மின்சாரம் ஓடும் போர்டில் ரேமைப் பிடுங்கினால் ரேமோடு போர்டும் போகலாம்.

நைலான் சட்டை, கம்பளம் இரண்டையும் தவிர்த்து, உலோகம் ஒன்றைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ரேமின் இரு பக்கக் கொக்கிகளை வெளியே தள்ளினால் அது தானாக எழும்பும். புதியதை வெட்டு பொருந்தும்படி 30 டிகிரி அளவில் சாய்த்து, தங்க நிறப் பட்டை கிட்டத்தட்ட மறையும் வரை அழுத்தி, பிறகு கீழே படுக்கவைத்தால் இரண்டு பக்கமும் 'டிக்' என்று பூட்டும். ஒரு பக்கம் மட்டும் பூட்டினால் மறுபடி எடுத்து மாட்டுங்கள். இயக்கியபின் திரை வராததற்குப் பத்தில் எட்டு முறை அரைகுறை அழுத்தல்தான் காரணம். டிடிஆர்5 லேப்டாப்புகள் புதிய ரேமைக் கண்டதும் அளவெடுக்க ஓரிரு நிமிடம் கறுப்புத் திரையோடு நிற்கும். பதறி அணைக்காதீர்கள்.

பழைய ரேமின் பட்டையை ரப்பரால் தேய்ப்பது நம் ஊர்ப் பழக்கம். வேலை செய்யும், ஆனால் தூள் ஸ்லாட்டுக்குள் விழும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணி சுத்தமானது.

மாட்டியதும் மெம்டெஸ்ட்86-ஐ யுஎஸ்பி பென் டிரைவில் ஏற்றி நான்கு சுற்று ஓட்டுங்கள். 8 ஜிபிக்குச் சில மணி நேரம் ஆகும், இரவில் விட்டுவிடலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் வேண்டாம். கெட்ட ரேம் பாட்டின் 'நிறத்தை' மாற்றாது. சிடியிலிருந்து ரிப் செய்யும்போதும் ஃபைல்களை நகலெடுக்கும்போதும் சத்தமில்லாமல் பிட்டுகளைக் கெடுத்து வைக்கும். ஆறு மாதம் கழித்து ஒரு பாட்டின் நடுவில் 'கிரீச்' என்று வரும்போதுதான் தெரியும். ஃப்ளாக் (தரம் இழக்காமல் சுருக்கிய) ஃபைலுக்குள் மூல ஒலியின் எம்டி5 கையொப்பம் இருப்பதால், ஃபூபாரின் 'ஃபைல் இன்டெக்ரிட்டி வெரிஃபையர்' மொத்த லைப்ரரியையும் சரிபார்த்துக் கெட்டதைக் காட்டிக்கொடுக்கும். எம்பி3-க்கு இந்த வசதி கிடையாது.

ரேமிலிருந்து பாடவைப்பது

'மெமரி பிளேபேக்' என்பதை மந்திரம் போலப் பேசுகிறார்கள். பாட்டு ஃபைலை முழுவதும் ரேமுக்குள் எடுத்துவைத்து அங்கிருந்து பாடுவது, அவ்வளவே. எந்தப் பிளேயரும் எப்படியும் ரேம் வழியாகத்தான் பாடுகிறது. துண்டு துண்டாக எடுக்கிறதா, ஒரே வாயில் எடுக்கிறதா என்பதே வேறுபாடு. போதாக்குறைக்கு விண்டோஸ், ஒருமுறை படித்த ஃபைலைக் காலியான ரேமில் தானாகவே வைத்திருக்கும். அதே பாட்டை மறுபடி போட்டால் டிஸ்க் பக்கமே போகாது.

ஆனாலும் இந்த வசதிக்கு உண்மையான பயன் இரண்டு இடத்தில் உண்டு. வெளி ஹார்ட் டிஸ்க் தூங்கிப்போய், மறுபடி சுழன்று எழ ஐந்தாறு விநாடி எடுத்து, பாட்டு நடுவில் நிற்பது ஒன்று. வைஃபை வழியாக நாஸ் என்ற நெட்வொர்க் டிஸ்க்கிலிருந்து பெரிய ஃபைல் வரும்போது திணறுவது மற்றது. ஃபூபாரில் பிரெஃபரன்சஸ், அட்வான்ஸ்டு, பிளேபேக் பகுதியில் 'ஃபுல் ஃபைல் பஃபரிங் அப் டு' என்ற வரி இருக்கும். அளவு கேபியில். 5,00,000 என்று கொடுத்தால் 500 எம்பி வரையிலான ஃபைல்களை முழுதாக எடுத்துக்கொள்ளும். ஐந்து நிமிட டிஎஸ்டி64 ஃபைல் 212 எம்பி, அது அடங்கிவிடும். கர்நாடகக் கச்சேரிப் பதிவுகளில் ராகம் தானம் பல்லவி 50 நிமிடம் ஒரே ஃபைலாக இருக்கும். 24 பிட் 96-ல் விரித்தால் 1.7 ஜிபி, ஃப்ளாக்காகச் சுருக்கினால் பெரும்பாலும் 1 ஜிபி பக்கம். அதற்கு 12,00,000 வைக்கவேண்டும். ஃபூபார் சுருக்கிய ஃபைலைத்தான் எடுத்துவைக்கும். 32 பிட் ஃபூபாரில் இவ்வளவு பெரிய எண் வைத்தால் நினைவகம் போதவில்லை என்று நிற்கும், 2.0-லிருந்து கிடைக்கும் 64 பிட் பதிப்பைப் போடுங்கள்.

ஜேரிவரில் இதே வசதி ஆடியோ அமைப்பில் 'பிளே ஃபைல்ஸ் ஃப்ரம் மெமரி' என்று இருக்கிறது. ஆடிர்வானாவில் பாட்டை முன்கூட்டியே ஏற்றிவைக்க எவ்வளவு ரேமை ஒதுக்கலாம் என்று நீங்களே சொல்லலாம். 8 ஜிபி லேப்டாப்பில் 2 ஜிபிக்கு மேல் கொடுக்கவேண்டாம். ரேம் டிஸ்க் உருவாக்கி அதில் பாட்டை நகலெடுத்துப் போடுவதும், பேஜ் ஃபைலை அணைப்பதும் வீண் வேலை. இரண்டாவது ஆபத்தும்கூட: ரேம் தீர்ந்த கணத்தில் பிளேயர் மூடிக்கொள்ளும்.

பிளேயரைவிட அது போகும் வழி முக்கியம்

விண்டோஸில் சாதாரணமாக எல்லா ஒலியும் ஒரு பொதுக் கலவைக்குள் போகிறது. பாட்டு, வாட்ஸ்ஆப் மணி, பிரவுசர் விளம்பரம் எல்லாம் ஒரே சாம்பிள் ரேட்டுக்கு மாற்றப்பட்டுக் கலந்து வெளியே வரும். கண்ட்ரோல் பேனலில் சவுண்ட், உங்கள் டிஏசி, பிராப்பர்டீஸ், அட்வான்ஸ்டு என்று போனால் 'டீஃபால்ட் ஃபார்மட்' தெரியும். அங்கே 48,000 என்றிருந்தால் உங்கள் 44,100 சிடி ரிப் ஒவ்வொன்றும் 48,000-க்கு மாற்றப்பட்டுத்தான் போகிறது. உச்ச அளவைத் தொடும் இடங்களில் விண்டோஸின் லிமிட்டர் வேறு லேசாக அமுக்கும்.

இதைத் தாண்டிப் போகும் வழி இரண்டு. விண்டோஸிலேயே இருக்கும் வாசாபி எக்ஸ்க்ளூசிவ் (டிஏசியை ஒரே பிளேயருக்கு ஒதுக்குவது), அல்லது டிஏசி தயாரிப்பாளர் கொடுக்கும் ஏசியோ டிரைவர். எது சிறந்தது என்ற சண்டைக்கு இடமில்லை. இரண்டும் பிட்டுகளை மாற்றாமல் கொண்டுபோகும், எது தடங்கலில்லாமல் ஓடுகிறதோ அது நல்லது. விண்டோஸ் 10-ன் 1703 பதிப்பிலிருந்து (2017) யுஎஸ்பி ஆடியோ கிளாஸ் 2 டிரைவர் உள்ளேயே இருப்பதால் பல டிஏசிகள் செருகியவுடன் 192 கிலோஹெர்ட்ஸ் வரை பாடும். டிஎஸ்டியை நேராக அனுப்பத்தான் பெரும்பாலும் தயாரிப்பாளர் டிரைவர் தேவைப்படும்.

ஃபூபாரில் செய்யவேண்டியது: பிரெஃபரன்சஸ், பிளேபேக், அவுட்புட். பட்டியலில் உங்கள் டிஏசி பெயர் இரண்டு முறை வரும், 'எக்ஸ்க்ளூசிவ்' என்று குறித்ததைத் தேர்ந்தெடுங்கள். பழைய வழிகாட்டிகள் வாசாபி கம்போனென்ட்டைத் தனியாக இறக்கச் சொல்லும். 1.6-லிருந்து அது தேவையில்லை. அவுட்புட் ஃபார்மட்டை 24 பிட் வையுங்கள், ஏற்காவிட்டால் 32. 16 பிட் ஃபைலை 24-ல் அனுப்பினால் கீழே பூஜ்யங்கள் சேரும், வேறொன்றும் மாறாது. ஒலியை மாற்றும் விளைவுகளின் பட்டியலான டிஎஸ்பி மேனேஜர் காலியாக இருக்கட்டும். பாட்டுகளின் சத்தத்தைச் சமன்செய்யும் ரீப்ளேகெயின் அணைந்திருக்கட்டும், வால்யூம் 0 டெசிபலில் இருக்கட்டும்.

எக்ஸ்க்ளூசிவ் கொடுத்ததும் 'டிவைஸ் பயன்பாட்டில் உள்ளது' என்ற பிழை வந்தால் பிரவுசர் டிஏசியைப் பிடித்துவைத்திருக்கிறது, அதை மூடுங்கள். ஃபார்மட் பொருந்தவில்லை என்ற பிழை வந்தால் பிட் அளவை மாற்றிப் பாருங்கள். அட்வான்ஸ்டு பக்கத்தில் எக்ஸ்க்ளூசிவ் அனுமதிக்கான கட்டத்தில் டிக் இருக்கவேண்டும்.

சரியாகப் போகிறதா என்று சோதிக்க எளிய வழி, டிஏசியின் திரை அல்லது விளக்கு. 44.1 பாட்டு ஒன்றும் 96 பாட்டு ஒன்றும் அடுத்தடுத்துப் போடுங்கள். எண் மாறினால் சாம்பிள் ரேட் தொடப்படவில்லை. இன்னும் கறாரான சோதனை டிஓபி வழியில் டிஎஸ்டி அனுப்புவது. டிஎஸ்டி64-ஐ 176.4 கிலோஹெர்ட்ஸ் பிசிஎம் (சாதாரண டிஜிட்டல் ஒலி) போல உறையிலிட்டு, ஒவ்வொரு சாம்பிளின் மேல் எட்டு பிட்டிலும் அடையாளக் குறி வைத்து அனுப்பும் முறை அது. வழியில் யாராவது ஒரு பிட்டைத் தொட்டால் குறி சிதைந்து டிஏசி அதை டிஎஸ்டி என்று அறியாமல் இரைச்சலாகப் பாடும். டிஎஸ்டி விளக்கு எரிந்து பாட்டு வந்தால் வழி சுத்தம். சோதிக்குமுன் ஆம்ப்ளிஃபயர் வால்யூமை நன்றாகக் குறைத்துவிடுங்கள், ஸ்பீக்கரின் ட்வீட்டர் முக்கியம்.

இதற்காகப் பிட் மாறவே கூடாது என்று விரதம் இருக்கவும் வேண்டாம். 24 பிட் டிஏசிக்கு 16 பிட் பாட்டு போகும்போது எட்டு பிட் உபரி. பிட்டுக்கு 6 டெசிபல் வீதம் 48 டெசிபல் வரை டிஜிட்டலில் குறைத்தாலும் பாட்டின் பிட்டுகள் வெட்டுப்படா. 1980-களின் திரைப்பாடலையும் போன வருடப் பாடலையும் கலந்து கேட்பவருக்கு ரீப்ளேகெயின் பெரிய உதவி. ஆம்ப்ளிஃபயரிடம் பாட்டுக்குப் பாட்டு ஓடுவதைவிட அது மேல்.

எந்தப் பிளேயர்

விண்டோஸில் ஃபூபார்2000 தான் முதல் தேர்வு. இலவசம், இலகு, 2002-லிருந்து இருக்கிறது. எம்பி3-யில் லேம் என்ற என்கோடர் எழுதிவைக்கும் இடைவெளித் தகவலையும் படித்து இரண்டு பாட்டுக்கு நடுவில் மூச்சுவிடாமல் தொடரும். ஏசியோவும் டிஎஸ்டியும் தனிக் கம்போனென்ட். முகம் அழகில்லை, அதைச் செதுக்க உட்கார்ந்தால் பாட்டு கேட்க நேரமிருக்காது. லைப்ரரியை அழகாகப் பார்க்கவேண்டும், டேக் திருத்தவேண்டும் என்றால் மியூசிக்பீ, அதுவும் இலவசம், வாசாபி எக்ஸ்க்ளூசிவும் ஏசியோவும் உண்டு. எய்ம்ப்-ம் நல்ல பிளேயர். ஜேரிவர் காசு கொடுத்து வாங்குவது, 30 நாள் இலவசமாகப் பார்க்கலாம். ஸ்பீக்கர் திருத்தம், கன்வொலூஷன், பல அறை என்று போகிறவருக்குத் தகும். வெறும் இரண்டு சேனல் பாட்டுக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுவது. ரூன் சந்தா கேட்கும். பாட்டின் தரத்துக்காக அல்ல, பாடியவர், வாசித்தவர் என்று கிளை கிளையாகப் போகும் தகவலுக்காகத்தான் அந்தக் காசு. இந்தியப் பாடல்களுக்கு அந்தத் தகவல் மெலிவு. விஎல்சி எதையும் திறக்கும், படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மேக்கில் 'ஆடியோ மிடி செட்அப்' என்ற செயலியில் சாம்பிள் ரேட்டைக் கையால் மாற்றலாம், தானாக மாறவேண்டும் என்றால் ஆடிர்வானா போன்றவை. அதில் ஸ்டுடியோ சந்தா, ஆரிஜின் ஒரே முறை கட்டணம். உள்ளே இருக்கும் ஃபைல்கள் மட்டும் போதும் என்பவருக்கு ஆரிஜின். லினக்ஸில் டெட்பீஃப் பிளேயரின் அவுட்புட்டில் லினக்ஸின் ஒலி அடுக்கான அல்சாவையும், 'மாற்றமில்லாத நேரடி ஹார்ட்வேர்' என்று பொருள்படும் டிவைஸையும் தேர்ந்தெடுத்தால் பைப்வயர் என்ற ஒலிச் சேவையின் 48 கிலோஹெர்ட்ஸ் கலவையைத் தாண்டிப் போகலாம்.

தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகவோ கிறுக்கலாகவோ தெரிந்தால் பிளேயரைக் குறை சொல்லாதீர்கள். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு முறையில் டேக் எழுதப்பட்டிருக்கும், அல்லது எம்பி3 டேக் முறையான ஐடி3-யின் முதல் பதிப்பில் இருக்கும். ஒருமுறை யூனிகோடில் திருத்தி ஐடி3 2.3 ஆகச் சேமித்தால் கார் ஸ்டீரியோ வரை பலவற்றிலும் சரியாக வரும், அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இருந்தால்.

வெட்டும் இரைச்சலும்

பாட்டில் 'டிக் டிக்' என்று வந்தால் லேட்டன்சிமான் என்ற மென்பொருளை இறக்கி, பாட்டை ஓடவிட்டு, பத்து நிமிடம் பாருங்கள். எந்த டிரைவர் பிராசசரை நீண்ட நேரம் பிடித்துவைக்கிறது என்று பெயரோடு காட்டும். பெரும்பாலும் வைஃபை, கிராஃபிக்ஸ், பேட்டரி மேலாண்மை டிரைவர்கள். வைஃபையை டிவைஸ் மேனேஜரில் அணைத்து மறுபடி ஓட்டினால் சந்தேகம் தீரும், டிரைவரைப் புதுப்பித்தாலோ பழைய பதிப்புக்குப் போனாலோ சரியாகலாம். 'ஹார்டு பேஜ்ஃபால்ட்' (ரேமில் இல்லாததற்காக டிஸ்க்குக்கு ஓடுவது) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறதா? அங்கேதான் ரேம் பற்றாக்குறை. கூடுதல் ரேம் காதுக்குத் தெரியும்படி உதவுகிற ஒரே இடம் இது. கூடவே பவர் அமைப்பில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணையுங்கள், வெளி ஹார்ட் டிஸ்க்கும் டிஏசியும் ஒரே ஹப்பில் இருந்தால் பிரியுங்கள். பஃபரை 1000 மில்லி விநாடியில் விடுங்கள். தாமதம் குறையட்டும் என்று அதைக் குறைப்பது பாட்டு வாசிப்பவருக்கான கணக்கு, கேட்பவருக்கு அல்ல.

'ஹ்ம்ம்' என்ற உறுமலோ, மவுஸ் அசைத்தால் கூடவே கீச்சிடுவதோ வேறு வியாதி. சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் சுற்று: லேப்டாப் சார்ஜரும் ஆம்ப்ளிஃபயரும் வேறு வேறு பிளக் பாயிண்டில் எர்த் ஆகி, நடுவில் யுஎஸ்பி கேபிளும் ஆர்சிஏ கேபிளும் சேர்ந்து வட்டம் போட்டிருக்கின்றன. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினால் பாதிப் பேருக்குத் தீரும். தீராவிட்டால் டிஏசியிலிருந்து பேலன்ஸ்டு கேபிள், அல்லது லேப்டாப்பிலிருந்து ஆப்டிகல். யுஎஸ்பி ஐசொலேட்டர் வாங்கினால் விநாடிக்கு 12 மெகாபிட் ரகமா என்று கேளுங்கள். மலிவானவை அந்த ரகம், 96 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் விடா. சார்ஜர் பிளக்கின் எர்த் பின்னை ஒடிக்கும் வைத்தியத்தை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள், உறுமல் போய் ஷாக் வரும்.